பாதிச் சூட்டில் மட்டும்

உங்கள் பட்டறைத் தரை இவ்வளவு சுத்தமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் 'அங்கே வேலை முடிய நேரமாகும்' என்று மட்டும்தான் சொல்வார்கள். தரையைப் பற்றி யாரும் சொன்னதில்லை. உள்ளங்கை அளவு எண்ணெய்க் கறைகூட இல்லை. எனக்கும் இப்படி வைத்துக்கொள்ளப் பிடிக்கும். ஒண்டி ஆள், முடிவதில்லை.

டீ வேண்டாம், இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன். லேப்டாப்பை என் பக்கம் திருப்பவும் வேண்டாம். காலையில் நீங்கள் ஃபோனில் "உங்க தங்கச்சி வண்டி இங்க நிக்குது, கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்று சொன்னபோதே அந்தத் திரையில் எந்தப் பக்கம் திறந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வண்டியை விற்கப்போகிறேன் என்றுதான் அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. இது கை தவறி நடந்ததா, தெரிந்தே செய்ததா? தெரிந்தேதான் செய்தேன். மேஜை மேல் உங்கள் ஃபோன் பதிவு செய்துகொண்டிருப்பதையும் பார்த்தேன். நல்லதுதான். தொழில் தெரியாதவர்கள் பின்னால் கேட்கக்கூடும், அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். சலிப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கும் தங்கைக்கும் பத்து வயது வித்தியாசம். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவளை நான்தான் படிக்கவைத்தேன். தலை பின்னிவிடக்கூடக் கற்றுக்கொண்டேன். "ஒயர் முறுக்குற மாதிரியே முறுக்குறியேண்ணா" என்று கத்துவாள். கல்யாணம் பேசி முடித்ததும் நான்தான், சந்தோஷமாகத்தான் முடித்தேன். இனிமேல் உனக்குப் பாரம் குறைந்தது என்று எல்லோரும் முதுகில் தட்டினார்கள். எனக்கு எதுவும் குறைந்த மாதிரி இல்லை. பட்டறையைப் பூட்டிவிட்டு மாடி வீட்டுக்கு ஏறினால் விளக்கு எரியாமல் இருக்கும். அவ்வளவுதான் மாற்றம்.

மாப்பிள்ளை கணக்கு வாத்தியார். அவரைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. நான் முயன்று பார்த்திருக்கிறேன். குரல் உயர்த்த மாட்டார், என் தங்கை சொல்வதை மறுக்க மாட்டார், என்னைக் கண்டால் எழுந்து நிற்பார். அவர் பழைய கார் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினார். ஒரு மழைக்காலத்தில் தண்ணீர் புகுந்து அதன் இன்ஜின் கம்ப்யூட்டர் கருகிவிட்டது. அதே கம்ப்யூட்டர் இப்போது யாரும் செய்வதில்லை. அதனால் வெளியில் தனியாக விற்கிற ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். உங்களுக்கே தெரியும், அதற்கு ஒன்றும் தெரியாது. எப்போது பெட்ரோல் விட வேண்டும், எவ்வளவு விட வேண்டும், எப்போது பொறி வைக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் நாம்தான் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லிக்கொடுத்ததைத் தாண்டி எதுவும் செய்யாது. நன்றியுள்ள பொருள்.

ஓடுகிறபோது வண்டி அருமையாக ஓடியது. ஸ்டார்ட் ஆகத்தான் நேரம் எடுத்துக்கொண்டது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் சுற்றும், சுற்றும், பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கும், அப்புறம்தான் பிடிக்கும். இது நான் செய்ததில்லை. இது நிஜமான கோளாறு. அதைக் கண்டுபிடிக்க நான் நேர்மையாகப் பாடுபட்டேன், அதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மாப்பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமைதான் விடுமுறை. அதனால் ஞாயிறு தோறும் வண்டியைக் கொண்டுவருவார், தங்கையும் கூட வருவாள். முதலில் பேட்டரியைப் பார்த்தேன். சுற்றும்போது மின்சாரம் தாழ்ந்து கம்ப்யூட்டர் மயங்கிவிடுகிறதோ என்று. இல்லை. அடுத்து பம்ப். நின்ற பிறகு குழாயில் பெட்ரோல் பின்னால் இறங்கிவிடுகிறதோ என்று. அதுவும் இல்லை. பொறி வைக்கிற பிளக்கை மாற்றினேன். ஒவ்வொரு வாரமும் ஒன்று. நான் கீழே படுத்திருக்கும்போது தங்கை மேலே போய் வீட்டைப் புரட்டிப்போடுவாள். ஒட்டடை அடிப்பாள், துணி மடிப்பாள், "இந்தத் தட்டை எந்தக் காலத்துல கழுவினே" என்று மாடிப்படியிலிருந்தே திட்டுவாள். மாப்பிள்ளை டயர் மேல் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். சாப்பாடு மூன்று பேருக்கு இருக்கும்.

கடைசியில் பிடித்துவிட்டேன். இன்ஜின் எந்த நிலையில் நிற்கிறது என்று தெரிந்தால்தான் கம்ப்யூட்டர் வேலையைத் தொடங்கும். அதற்காக ஒரு பல்சக்கரமும் அதைப் பார்க்கிற ஒரு சென்சாரும் இருக்கின்றன. சக்கரத்தில் ஓர் இடத்தில் பல் இருக்காது. அந்த இடைவெளியைக் கண்டதும் கம்ப்யூட்டர் எண்ணத் தொடங்கும். சென்சாரின் ஒயரை நான் செல்ஃப் மோட்டாரின் தடித்த ஒயரோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். மோட்டார் சுற்றும்போதெல்லாம் அதன் இரைச்சல் சென்சார் ஒயரில் ஏறிவிடுகிறது. கம்ப்யூட்டர் எண்ணுவதை விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறது. ஒயரைப் பிரித்து வேறு வழியாக எடுத்துப் போனேன். சாவியைத் தொட்டதும் பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளை என் எண்ணெய்க் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அடுத்த ஞாயிறு நான் வழக்கம்போல ஷட்டரைத் தூக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. வர வேண்டிய காரணமும் இல்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. நானே ஃபோன் செய்து வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "தொட்டா ஸ்டார்ட் ஆகுதுண்ணா. இனிமே உனக்கு எங்க தொல்லை இல்ல. ஞாயித்துக்கிழமையாவது கொஞ்சம் தூங்கு" என்றாள். பாசமாகத்தான் சொன்னாள். அன்றைக்கு நான் தூங்கினேன். எழுந்தபோது இருட்டியிருந்தது, வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. ஏதோ ஒன்று மரத்துப்போயிருந்தது. அது இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது.

சில மாதம் கழித்து பிரேக் கிரீச்சிடுகிறது என்று வந்தார்கள். பிரேக்கைச் சரிசெய்தேன். கையோடு லேப்டாப்பையும் மாட்டினேன்.

இப்போது நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் பக்கத்துக்கு வருகிறேன். சாவியைத் திருப்புகிற அந்த நேரத்தில் மட்டும் எவ்வளவு பெட்ரோல் விடுவது என்று கம்ப்யூட்டருக்குத் தனியாக ஒரு கணக்கு உண்டு. இன்ஜின் குளிர்ந்திருந்தால் நிறைய, சூடாக இருந்தால் கொஞ்சம். படமாகப் பார்த்தால் ஒரே சரிவாக இறங்க வேண்டும். நான் நடுவில் ஒரு மேட்டை வைத்தேன். தெருவில் வேகத்தடை வைப்பார்களே, அந்த மாதிரி. இன்ஜின் பாதிச் சூட்டில் இருக்கும்போது மட்டும், தேவையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் பெட்ரோல் ஊற்றும். பிளக் நனையும். நேரமெடுத்துத்தான் பிடிக்கும்.

ஏன் பாதிச் சூடு என்று கேட்கிறீர்கள். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும், ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும். அவர் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போகக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன். முழுச் சூட்டிலும் தொந்தரவு தராது. எங்காவது போய், வண்டியை நிறுத்தி, ஒரு வேலையை முடித்துவிட்டு வந்து எடுத்தால் மட்டும் முரண்டு பிடிக்கும். என் பட்டறைக்குச் சூடாக வந்து நிற்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். "இப்ப நல்லாத்தானே இருக்கு" என்பேன். "இங்க வந்தா மட்டும் ஒழுங்காயிடுது மச்சான், அதுக்கு உங்க வீட்டு மேல ஆசை" என்பார் மாப்பிள்ளை. எல்லோரும் சிரிப்போம். நானும்தான். இந்தக் கோளாறில் வேலை சுத்தம் என்று நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

ஞாயிறுகள் திரும்பி வந்தன. நான் புதிது புதிதாகச் சந்தேகப்பட்டேன். பம்ப், ரிலே, சூடு அளக்கிற சென்சார். கழற்றி, துடைத்து, அதையே திரும்ப மாட்டினேன். பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கிறவர் ஒருவர் உங்கள் பட்டறையைச் சொல்லியிருக்கிறார். "மச்சான் இருக்கும்போது வேற எடத்துக்குப் போனா அவர் மனசு கஷ்டப்படும்" என்று மாப்பிள்ளை மறுத்துவிட்டாராம். தங்கை சொன்னாள். அவர் அப்படிப்பட்டவர்.

ஒரு ஞாயிறு நான் அடுப்படியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது அவள் பின்னால் வந்து நின்றாள். மாப்பிள்ளைக்கு நெஞ்சில் அடைப்பு இருப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். மாத்திரை கொடுத்திருக்கிறார். வலி வந்தால் நின்று யோசிக்காமல் உடனே தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். அவள் அழவில்லை. என் சட்டைக் கையின் நுனியைப் பிடித்துக்கொண்டாள், சின்ன வயதில் ரோட்டைக் கடக்கும்போது அப்படித்தான் பிடிப்பாள்.

"வண்டி மட்டும் நம்பிக்கையா இருந்தா போதும்ணா. நான் ஓட்டிக்குவேன். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"பாத்துக்கறேன்மா" என்றேன்.

கீழே போனேன், லேப்டாப்பை மாட்டினேன், அந்தப் பக்கத்தைத் திறந்தேன். மேட்டை எடுக்க ஒரு நிமிஷம் ஆகாது. நான்கைந்து எண்களை மாற்றிச் சேமித்தால் போதும். எடுக்கத்தான் இறங்கி வந்தேன், இதை நீங்கள் நம்ப வேண்டும். அப்போது மாடியில் அவள் எதற்கோ சிரித்தாள். மாப்பிள்ளை ஏதோ சொல்லியிருப்பார். இதை இன்றைக்கு எடுத்துவிட்டால் அடுத்த ஞாயிறு இந்தச் சிரிப்பு இங்கே இருக்காது என்று தோன்றியது. இன்னும் ஒரே ஒரு வாரம் என்று நினைத்துக்கொண்டேன். மூடிவைத்துவிட்டு மேலே போய், "ஒண்ணு சந்தேகமா இருக்கு, அடுத்த வாரம் வாங்க, முடிச்சுடலாம்" என்று சொன்னேன். சாப்பாடு தயாராக இருந்தது. அந்த ஒரு வாரம் அதற்கப்புறமும் பல வாரம் நீண்டது.

அன்றைக்கும் ஞாயிறு. அவர்கள் காலையில் மார்க்கெட் போய்விட்டு வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார்கள். பைகளை எடுத்து வைத்து, காய்களைப் பிரித்து வைத்திருக்கிறாள். வண்டி வாசலில் ஆறிக்கொண்டிருந்திருக்கிறது. சரியாக அந்த அளவுக்கு ஆறியிருக்கிறது. மத்தியானம் என் வீட்டுக்கு வருவதாக இருந்தது. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன், ஃபோன் அடித்தது.

"அண்ணா, அவருக்கு வேர்த்துக் கொட்டுது. கை வலிக்குதுங்கறார். வண்டியில உக்கார வெச்சுட்டேன். ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. பெட்ரோல் வாசனை அடிக்குது."

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் ஃபோனில் பதிவாகட்டும். பிளக் நனைந்துவிட்டால் ஒரு வழி இருக்கிறது. ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்ப வேண்டும். அப்படி மிதித்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். காற்று மட்டும் உள்ளே போய் பிளக்கைக் காயவைக்கும், கொஞ்ச நேரத்தில் பிடித்துக்கொள்ளும். அந்த வண்டியிலும் அதை நான் போட்டுத்தான் வைத்திருந்தேன். மாப்பிள்ளைக்கு மட்டும் சொன்னதில்லை. சொன்னால் அவரே சமாளித்துக்கொள்வார், ஞாயிற்றுக்கிழமை வர மாட்டார்.

அன்றைக்கு அவளிடம் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். முழுசாக மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணு. சொல்லவில்லை, அவ்வளவுதான் என் தவறு என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது சரியில்லை. நான் வேறொன்றைச் சொன்னேன்.

"பதறாதே. ஆக்சிலேட்டரைத் தொடவே தொடாதே. காலை எடுத்துட்டு அப்படியே ஸ்டார்ட் பண்ணிக்கிட்டே இரு."

"ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமாண்ணா?"

"அது வர்றதுக்குள்ள நான் வந்துடுவேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் கேட்கவில்லை. சொல்லிவிடுகிறேன். அவள் குரலில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. வண்டி அங்கேயே ஸ்டார்ட் ஆகிவிட்டால் அவள் ஃபோனை வைத்துவிடுவாள். நான் போய் நிற்க வேண்டும் என்று இருந்தது. அவர் சாக வேண்டும் என்று நினைத்தேனா என்றால், இல்லை. அவரைப் பற்றி அந்த நேரத்தில் நான் நினைக்கவே இல்லை.

அரிசிப் பாத்திரத்தை மூடிவைத்துவிட்டுக் கிளம்பினேன். சாலையில் வழக்கமான நெரிசல்தான். சிக்னலில் நின்றுதான் போனேன். போய்ச் சேர்ந்தபோது அவள் இன்னும் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தாள், கால் இரண்டையும் சீட்டுக்கு அடியில் மடித்து வைத்திருந்தாள். நான் சொன்னபடி. பேட்டரி இறங்கி, டக் டக் என்கிற சத்தம் மட்டும் வந்தது. அவரைத் தூக்கி என் வண்டியில் படுக்கவைத்தேன். கனமே இல்லை. பாதி வழியில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"மன்னிச்சுக்குங்க மச்சான். உங்களுக்கு ஒரு ஞாயித்துக்கிழமைகூட ஓய்வு இல்லாமப் பண்ணிட்டோம்."

அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. பரவாயில்லை மாப்பிள்ளை என்று சொன்னேன். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர், கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால் என்று தொடங்கி, தங்கை முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அவளை என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். பழைய அறையை ஒழித்துக் கொடுத்தேன். வண்டியை இழுத்துவந்து பட்டறை ஓரத்தில் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடினேன். சாயங்காலம் படி ஏறும்போது விளக்கு எரிகிறது. சமைக்கிறாள், இரண்டு பேருக்கு. திட்டுவதில்லை, சிரிப்பதும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள். அது போகப் போகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். அந்த மேட்டை அப்போதாவது எடுத்திருக்கலாமே என்பீர்கள். எடுத்திருக்கலாம். தார்ப்பாயைத் தூக்கக் கை வரவில்லை. பயம் என்று நினைக்காதீர்கள். ஓடாத வண்டியில் எதற்கு வேலை என்றுதான்.

போன மாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டாள்.

"நீ கை வெச்ச வண்டி ரெண்டாவது தடவை அதே வேலைக்கு வராதுன்னு எல்லாரும் சொல்றாங்களே. எங்க வண்டி மட்டும் ஏண்ணா அத்தனை தடவை வந்துச்சு?"

"சில வண்டி அப்படித்தான்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள், எனக்குக் குழம்பு ஊற்றினாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பேட்டரியை மாற்றித் தரச் சொன்னாள், விற்க வேண்டும் என்றாள். மாற்றிக் கொடுத்தேன். அவளே ஓட்டிக்கொண்டு போனாள். உங்களிடம்தான் வருகிறாள் என்று எனக்குத் தெரியாது.

இவ்வளவுதான். என் கையால் வைத்த கோளாறு, என் வாயால் சொன்ன வார்த்தை. இரண்டும் சேர்ந்துதான் அவரைக் கொன்றன. கையெழுத்து வேண்டுமென்றால் போட்டுத் தருகிறேன். போலீஸைக் கூப்பிடுவதானாலும் கூப்பிடுங்கள். ஒன்றே ஒன்று, என் தங்கையிடம் இதை நீங்கள் சொல்ல வேண்டாம். நானே பக்குவமாக எடுத்துச் சொல்கிறேன். அவள் என்னை அறிந்தவள். எதற்காகச் செய்தேன் என்று சொன்னால் அவளுக்குப் புரியும்.

அந்த ஆபீஸ் அறைக் கதவைத் திறப்பது யார்?

நீ எப்போம்மா வந்தே?

"சாவியைக் குடுங்க சார்" என்று உங்களிடம் கேட்கிறாள். என்னைப் பார்க்கவில்லை. வெயில் கண்ணில் அடிக்கிறது, அதனால் இருக்கும். கொடுங்கள், கொடுத்துவிடுங்கள். காலையில் நீங்கள் ஓட்டிப் பார்த்திருப்பீர்கள், இன்ஜின் இப்போது பாதிச் சூட்டில்தான் இருக்கும். கேளுங்கள், சுற்றுகிறது, பிடிக்கவில்லை. மறுபடியும் சுற்றுகிறது. பெட்ரோல் வாசனை இங்கே வரை வருகிறது. நிறுத்திவிட்டாள். நான் போய்ப் பார்க்கட்டுமா?

மிதிக்கிறாள். அடிவரை மிதிக்கிறாள். பிடித்துவிட்டது.

நீங்கள் சொல்லிக்கொடுத்தீர்களா அதை? நல்லது, தெரிந்திருக்க வேண்டியதுதான். பின்னால் ஒரு பெட்டி தெரிகிறது, துணி ஏதோ எடுத்துப் போகிறாள் போல. போகட்டும். அந்த மேடு இன்னும் வண்டிக்குள் அப்படியே இருக்கிறது, நீங்கள் அதில் கை வைக்காதீர்கள். எத்தனை நாளைக்குத்தான் மிதித்து மிதித்து ஓட்டுவாள்? சரிசெய்ய ஞாயிற்றுக்கிழமை என்னிடம்தான் வருவாள்.